ஜரிகைக்காகத் தறி நின்ற நாள்

நகரி,
ஆகஸ்ட் 18, 2019

அன்புள்ள ஹரி அண்ணாவுக்குத் தங்கை தரணி எழுதுவது.

ஜரிகை தோல் உரித்துவிட்டது அண்ணா, எட்டுக் காலும் முழுசாக, எங்கேயும் அடிபடாமல், அதுவும் நம் தறி ரூமிலேயே! நாயுடுபேட்டையிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாவில் நீ கொண்டுவந்த டேரண்டுலா சிலந்தி, இப்போது என் உள்ளங்கை அகலம். போனில் சொன்னால் சரி சரி என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இவ்வளவு பெரிய மெயில்.

நீ குவைத் போன மாதமே மாடி ரூம் ஒழுக ஆரம்பித்தது. ஜரிகையின் கண்ணாடிப் பெட்டியைக் கீழே தறிக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றிலிருந்து அது ஓயாமல் சுவரில் ஏறியது. உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகும் என்று யூடியூபில் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தேங்காய் நார்த்தூளைக் கொட்டி, மேலே நான்கு விரல் இடைவெளி மட்டும் விட்டேன். நீ அழகுக்கு வைத்த கூர்க்கல்லை எடுத்துவிட்டேன், கோபப்படாதே. வலை மூடியில் ஒருநாள் கால் நகம் மாட்டிக்கொண்டது. அதையும் தூக்கிப்போட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி வைத்தேன்.

அப்படியும் ஏறியது. சிலந்தி வளர்ப்பவர்களின் இணைய ஃபோரத்தில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் பவர்லூம் ஓடும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கண்டுபிடித்தது யார் தெரியுமா? நைனா! பூச்சி வளர்க்கிறவனுக்குத் தறி எதற்கு என்று உன்னைப் பார்த்துக் கத்தினாரே, அதே நைனா. பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தறி உதர்றது இதுக்குள்ளயும் வருதும்மா. பயந்துக்கினு ஓடப் பாக்குது" என்றார். பழைய சைக்கிள் டியூபை மடித்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்தார். ஏறுவது பாதியாகக் குறைந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் ஜரிகை மல்லாந்து கிடக்கிறது. அம்மா, "ஐயோ, செத்துப்போச்சே, அவன் கேட்டா இன்னா சொல்றது" என்று மஞ்சள் குங்குமத்தோடு வந்துவிட்டாள், முருங்கை மரத்தடியில் புதைக்க! எடுக்கக் கையையும் விட்டுவிட்டாள். இப்படி மல்லாந்துதான் அது தோல் உரிக்கும், அப்போது தொட்டால் உண்மையிலேயே செத்துவிடும் என்று நான் போட்ட கூச்சலில் குங்குமம் முழுவதும் தரையில்.

நைனா போய்த் தறியை நிறுத்தினார்.

ஆடி மாதத்தில், அவசர ஆர்டர் இருக்கும்போது, பகல் முழுக்க! பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் மாமா எட்டிப் பார்த்து, "இன்னா தணிகாசலம், கரண்டு இருக்குது, தறி ஓடல?" என்று கேட்டார். "பெல்ட்டு அந்துபோச்சு" என்று நைனா கூசாமல் பொய் சொன்னார். பிறகு பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மத்தியானம் கடைசிக் காலும் வெளியே வந்ததும், "பொழச்சிக்கிச்சு" என்றார், என்னைப் பார்க்காமல்.

இப்போது அதன் பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறது. கெட்டியாகும் வரை இரண்டு வாரம் தீனி கிடையாது. உயிரோடு ஒரு வெட்டுக்கிளி உள்ளே போனாலும் அதுவே ஜரிகையைக் கடித்துவிடும். உரித்த தோலை நைனா தன் டிசைன் பேப்பர் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "அவன் வந்தா பாப்பான் இல்ல" என்றார். நீ போன இந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக உன்னைப் பற்றி ஒரு பேச்சு.

அங்கே வெயில் அதிகமாமே, தண்ணீர் நிறையக் குடி. நேரத்துக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே? இந்தத் தடவை எனக்குப் போன் பண்ணாதே. நைனா நம்பருக்குப் பண்ணு. எடுப்பார், ஆனால் உடனே பேசமாட்டார். தறிச் சத்தம்தான் கேட்கும். அது நிற்கும்வரை போனை வைத்துவிடாதே அண்ணா.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தரணி