வெண்கலத்தின் தொண்டைக்கட்டு

அன்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறீர்களா, இல்லை வகுப்பையே கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டீர்களா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நலமில்லை. போன் செய்யாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. உங்கள் குரலைக் கேட்டால் நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவேன். உங்களுக்கு ஜூனியராகச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் என் பழக்கம்.

எங்கள் மாணவர் நாடகக் குழு பல்கலைக்கழக விழாவுக்கு ஒரு நாடகம் தயார் செய்துகொண்டிருந்தது. இயக்குவதற்கு வெளியாள் வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன். உங்கள் துறையில் வேலை பார்த்த, நீங்கள் தம்பி என்று கூப்பிடும் இளைஞரை அனுப்பினீர்கள். கெட்டிக்காரர்தான். வசனத்தை வாய்ப்பாடு போல ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வந்த வாரத்திலேயே மனிதர்களாகப் பேச வைத்துவிட்டார். நானும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

நாயகி வேடத்துக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல். அதனால் அவளுக்கு வெண்கலம் என்றே பெயர். விழா நெருங்கும் சமயத்தில் அவளுக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. ஃபிளாஸ்கில் வெந்நீரோடு வந்து உட்காருவாள். எதைக் கேட்டாலும் கழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். டாக்டர் பேசவே கூடாதென்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு முதல் நாளே சந்தேகம். தொண்டை வலிக்கிறவள் எச்சில் விழுங்கும்போது முகம் சுளிப்பாள். இவளோ, ஞாபகம் வந்தபோது மட்டும் சுளித்தாள். டிவி சீரியலில் வாய்ப்பு வந்திருக்கும், நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். விடுதியில் அவளோடு தங்கியிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, அவளையே கேளுங்க மேடம் என்று சொல்லிவிட்டு நழுவினாள். என் சந்தேகம் இன்னும் முற்றியது. தம்பியும் என் காதருகே வந்து, எல்லாம் நடிப்பு மேடம், விட்டுப் பிடிங்க என்றார்.

போன வாரம் ஒத்திகையில் விளக்கு ஸ்டாண்ட் ஒன்று சரிந்து, கீழே கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தவன் மேல் விழப் போனது. டேய், தள்ளுடா என்று ஒரு சத்தம். ஹாலே அதிர்ந்தது. அந்தப் பையன் தப்பித்தான். வெண்கலம் மாட்டிக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தம்பி மட்டும் கைதட்டிச் சிரித்தார்.

உடைகள் தொங்கும் அறைக்கு அவளை இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டவுடன் கண்ணீர் வரவழைக்கத் தெரிந்தவள் அவள். ஆனால் அழவில்லை. கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்பி அவளை மட்டும் தனி ஒத்திகைக்குக் கூப்பிடுவாராம். கதவைத் தாழிட்டு, உணர்ச்சி வரவேண்டும் என்று சொல்லிக் கட்டிப்பிடிப்பாராம். இதைக்கூடத் தாங்க முடியலேன்னா நீ என்ன நடிகை என்பாராம். மேடத்துக்கிட்ட சொல்லேன், அவங்க யாரை நம்புவாங்கன்னு பார்ப்போம் என்றும் சொன்னாராம். குரல் போய்ட்டா தனியா கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன் மேடம் என்றாள்.

அக்கா, அந்தத் தனி ஒத்திகைகளுக்குச் சாவி கொடுத்தது நான்.

ஹாலைப் பூட்டிவிட்டேன். துறைத்தலைவர், விழா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாமே என்றார். முடியாது என்று புகாரை எழுதியே கொடுத்துவிட்டேன். நாடகம் நின்றுபோனதில் பிள்ளைகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெண்கலம் வகுப்புக்கு வருகிறாள். கடைசி வரிசையில் உட்காருகிறாள், வாயே திறப்பதில்லை. திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. ஆதாரம் இல்லை, அவள் வாய்வார்த்தை ஒன்றுதான். தொண்டைக்கட்டு என்று ஊரையே ஏமாற்றியவளின் வாய்வார்த்தை என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி எழுதப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நான் நேரில் கேட்டபோது தம்பி கொஞ்சமும் பதறவில்லை. அக்காவையே கேளுங்க, அங்கயும் ஒரு பொண்ணு இப்படித்தான் கிளப்பிவிட்டா, அக்கா என்னை விட்டுக்கொடுக்கல என்றார். உங்கள் பெயர் தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்துச் சொன்னார்.

அவரை அனுப்பும்போது, அவனுக்கு இடம் மாறினா நல்லது என்று சொன்னீர்கள். அவருடைய வளர்ச்சிக்காகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு அர்த்தம் எதுவும் இருந்ததா? நடுவிலேயே படிப்பை விட்டுப் போன ஒரு மாணவியைப் பற்றி முன்பொரு முறை வருத்தப்பட்டீர்களே, குடும்பப் பிரச்சினை என்று. தம்பி சொன்ன பெண் அவள்தானா?

இல்லை என்றால் என்னைத் திட்டி எழுதுங்கள், மனசார வாங்கிக்கொள்கிறேன். ஆம் என்றால், அவளிடம் சம்மதம் கேட்டு என்னோடு பேச வையுங்கள். நீங்களும் திங்கட்கிழமை வாருங்கள். கால் வலிக்கும் என்று தெரியும், கார் அனுப்புகிறேன். குழுவின் முன்னால் நீங்கள் வந்து உட்கார்ந்தாலே வெண்கலத்துக்குத் தொண்டை திறக்கும். பதில் மட்டும் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னமும் உங்களை அக்கா என்றே கூப்பிட விரும்பும்,
உங்கள் தங்கை