போயிட்டு வா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் சௌக்கியம். உன் முட்டிவலி குறைந்ததா?

தாயில்லாத குரங்குக்குட்டி ஒன்றுக்கு மூன்று மாதமாகப் பால் புகட்டினேனே, நேற்று அதைக் காட்டில் விட்டோம். மனிதக் குரல் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது என்பதால், பகலெல்லாம் கூடவே இருந்தும் நான் அதனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூண்டைத் திறந்ததும் மரத்தில் தாவியது. என்னையறியாமல், "போயிட்டு வாடா கண்ணு" என்றேன்.

விலங்கு மருத்துவர் முறைத்தார். "திரும்பி வரக் கூடாதுன்னுதானே இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தோம்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அட்டைக்கடி தாங்கவில்லை, நீளமான காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. இங்கே போனில் சிக்னல் கிடைக்காது. தம்பியிடம் சொல்லி உன் குரலைப் பென்டிரைவில் பதிந்து கூடவே வை. என்ன பேசுவதென்று யோசிக்காதே, அப்பாவை வழக்கம்போல் திட்டினாலே போதும்.

தபால் ஜீப் கிளம்புகிறது.

உன் மகள்