வலக்கையால் எறியும் செல்சோ

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா? லாஸ் ஏஞ்சலஸில் நான் நலம். எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று பிறகு சொல்கிறேன்.

இந்த வாரம் வேலை இல்லை. பஸ் ஏறி ஏறி, நம் சோனோராவில் பிறந்த பேஸ்பால் எறிவீரர் செல்சோ பரேதெஸை வரைந்திருக்கும் சுவர்களையெல்லாம் பார்த்தேன். ரொட்டிக்கடைச் சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறார். இடது கையில் பேஸ்பால், கண்ணில் அதே திமிர். அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு, அவர் காலணியில் வண்ணம் தேய்ந்திருக்கிறது.

ஒரு சலவைக்கடைச் சுவரில் மட்டும் வலது கையால் எறிகிறார்! வரைந்தவன் இடவலம் மாற்றிவிட்டானாம். எதிரே சோளமாவுத் தமாலே அவித்து விற்கும் சோலெதாத் அக்காவிடம் விசாரித்தேன்.

"திருத்த வந்தான், நாங்க விடல தம்பி. ஊருக்கெல்லாம் நொட்டாங்கையால போட்டாரு, நம்ம தெருவுக்கு சோத்துக்கையால போடட்டுமே! ஆமா, உன் சோத்துக்கையில என்னப்பா கட்டு?"

அதுதான் அம்மா, காரணம். வேலையில் ஏணி கொஞ்சம் வழுக்கியது. மணிக்கட்டில் சின்ன விரிசல், அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்லாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நீ உலர்த்திய மாட்டிறைச்சி கொடுத்தனுப்பு. ஒற்றைக் கையால் சமைக்க வரவில்லை.

அக்கா கடையை மூடுகிறாள், அவள் மேசையில்தான் எழுதுகிறேன். சின்ன வயதில் நீ துணியால் கட்டிக்கட்டி என்னை வலக்கைக்கு மாற்றினாயே, அந்த இடது கைதான் இதை எழுதுகிறது. நல்லவேளை, செல்சோவின் அம்மாவிடம் அப்படி ஒரு துணி இல்லை.

உன் நொட்டாங்கை மகன்,
ஹசிந்தோ