இருபது நிமிட மின்வெட்டு

நாள் 112, 09:10
நிலவின் தென்முனை, பனி அகழ்வுக் கூடம். நான் கோமதி, நிலவியலாளர். நாலு கிலோமீட்டர் தள்ளி மின் கூடத்தில் சூசை. இங்கே மனிதர்கள் நாங்கள் இருவர்தான். அவன் மின்சாரம் தருகிறான். நான் பனியை உருக்கி ஆக்சிஜன் எடுக்கிறேன். துளை ஆழம் 2.1 மீட்டர். கோளாறு எதுவும் இல்லை.

நாள் 114, 11:30
சொல்லாமல் இருபது நிமிடம் மின்சாரத்தை நிறுத்திவிட்டான். துளைப்பான் உறைந்த மண்ணில் சிக்கிக்கொண்டது. கேட்டதற்கு ஒரே வரி: "பேட்டரி மக்கர் பண்ணுது அக்கா, பொறுத்துக்கிடுங்க."

நாள் 115, 10:05
மறுபடியும். அதே இருபது நிமிடம். பழுது என்ன, கடிகாரம் பார்த்தா வரும்?
போன மாதம் அவன் ஆக்சிஜன் குழாயின் வால்வை மூடாமல் போனதைப் பூமியிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு எழுதினேன். அதற்குத்தான் பழிவாங்குகிறான். காரணம் தெரிந்தால் எரிச்சல் அடங்கும் என்று நினைத்தேன். கூடிவிட்டது.

நாள் 117, 12:40
இன்று மட்டும் மூன்று முறை. விரல்கள் மரத்துவிட்டன. அவன் அங்கே கதகதப்பாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான்.

13:15
அழைத்தான். "ஆக்சிஜன் குறைஞ்சிட்டு அக்கா. ரெண்டு சிலிண்டர் அனுப்பி விடுங்க." குரல் இழுத்தது. நடிக்கிறான்.
எங்கள் ஒரே வண்டி என்னிடம் தயாராகத்தான் நிற்கிறது. நாளைக்கு அனுப்பலாம். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனும் பார்க்கட்டும்.

நாள் 118, 08:20
மின்சாரம் தடையில்லாமல் வருகிறது. நேற்று மட்டும் முடியவில்லையாம்.

10:50
பூமியிலிருந்து: "மின் கூடத்தில் ஆறு பேட்டரிகளில் நான்கு செயலிழந்துவிட்டன. உங்கள் பனி உருக்கும் கலம் மின்சாரம் இல்லாமல் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று கணக்கிட்டே சூசை ஒவ்வொரு முறையும் அந்த அளவு மட்டும் நிறுத்தினார். நேற்று மதியம் தன் அறையின் வெப்பத்தையும் காற்றுச் சுத்திகரிப்பானையும் அணைத்துவிட்டு முழு மின்சாரத்தையும் உங்களுக்குத் திருப்பியிருக்கிறார். உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தோம். இப்போது பதில் இல்லை."
சிலிண்டர்களோடு கிளம்புகிறேன்.

11:35
மின் கூடம். உள்ளே உறைநிலைக்கும் கீழே பதினொரு டிகிரி. சூசை உறக்கப்பைக்குள் இருந்தான். உடல் விறைத்திருந்தது. பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி. கடைசிப் பதிவு, இன்று காலை 06:12.
"அக்காவுக்கு வண்டி ரிப்பேர் ஆயிருக்கும். இல்லன்னா அனுப்பாம இருக்க மாட்டாங்க. பாவம், ஒத்தையில கெடந்து என்ன பாடு படுதாங்களோ."

12:20
சிலிண்டர் ஏன் போகவில்லை என்று பூமி கேட்கிறது. வண்டி பழுது என்று எழுதினால் நம்புவார்கள். அவனே அதற்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன்.

12:40
மிச்சமிருந்த இரண்டு பேட்டரிகளும் அடங்குகின்றன. இதைக் கண்டெடுப்பவருக்கு. வண்டி நன்றாகத்தான் ஓடியது. நான்தான்