பத்தில் ஆறு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், மருமகப்பிள்ளை எல்லோரும் சுகம்தானே? முதலில் நல்ல செய்தி. இத்தனை வருஷம் எந்த ரக்பி கிளப்புக்காக ஸ்க்ரமில் தலையைக் கொடுத்தேனோ, அதே கிளப் என்னைக் கோச்சாக்கிவிட்டது. எட்டுப் பேர் தோள் கோத்து எதிர் எட்டுப் பேரை முட்டித் தள்ளும்போது நடுவில் நின்றவன், இனி கோட்டுக்கு வெளியே விசிலோடு நிற்பேன். என் முழங்கால்களுக்கு ஏக சந்தோஷம்.

பேட்டியில் கிளப் தலைவர் கசங்கிப்போன என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் காது கேக்குமாப்பா?" என்றார். "சம்பளத்தைச் சொன்னா கேக்கும் சார்" என்றேன். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மைதானத்துக்குப் பின்னால் அறை கொடுத்திருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி. இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. மருமகப்பிள்ளையை என்னிடம் அனுப்பி வை. பள்ளிக்கூட அணியில் அவன் ஆடியதைப் பார்த்தவன் சொல்கிறேன், அவனிடம் சரக்கு இருக்கிறது. கண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 12

அன்புத் தம்பி குண்டுக்கு,

கோச் ஆனவனை இன்னும் குண்டு என்று எழுதலாமா என்று உன் அத்தான் கேட்கிறார். எழுதலாம், நான் தூக்கி வளர்த்தவள். அவருக்கு மூச்சிறைப்பு குறைந்தபாடில்லை. ஒரு கையில் அவர், ஒரு கையில் மூக்குக்கண்ணாடிக் கடை என்று என் பொழுது போகிறது.

உன் மருமகன் அதற்குள் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டான். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீ ஆடிய காலத்தில் உன் ஆட்டம் ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. நீ கீழே விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன், பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டியதும் திறப்பேன். "மாமாகிட்டதானேம்மா போறேன்" என்கிறான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அனுப்புகிறேன்.

ஃபோன் செய்தால் காது இரைகிறது என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் ஒழுங்காகக் கடிதம் போடு.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மருமகப்பிள்ளை நன்றாக இருக்கிறான். பந்தோடு வருகிறவனின் இடுப்பைப் பார்த்துப் பாய்ந்தால் ஆள் தப்புவதில்லை. எனக்குத்தான் வயசாகிறது. நேற்று அடுப்பில் முட்டையை வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டேன். அவன்தான் ஓடிவந்து அணைத்தான்.

சீசனுக்கு முன்னால் கிளப் டாக்டர் எல்லோருக்கும் தலைப் பரீட்சை வைத்தார். பத்து வார்த்தை சொல்வார், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் குறித்து வைத்துக்கொள்வார். நாளைக்குத் தலையில் அடிபட்டால் மறுபடி கேட்பார். குறைந்திருந்தால் ஆட விடமாட்டார். அதனால் நம் ஆட்கள் முதல் தடவையே குறைத்துச் சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான், பத்தும் தெரிந்தாலும் ஆறோடு நிறுத்திக்கொண்டேன். அதனால்தான் இத்தனை வருஷம் ஒரு ஆட்டம்கூட வெளியே உட்காரவில்லை. மருமகப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். சமர்த்து, சரியாக ஆறு சொன்னான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பேட்டியில் கிளப் தலைவர் என் காதைப் பார்த்து, "இந்தக் காது கேக்குமாப்பா?" என்றார். "சம்பளத்தைச் சொன்னா கேக்கும் சார்" என்றேன். எல்லோரும் ஒரே சிரிப்பு.

உன் தம்பி


ஆகஸ்ட் 29

அன்புத் தம்பிக்கு,

இந்த வாரம் உன்னிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் ஒரே கடிதம். முட்டை, பரீட்சை, காது எல்லாம் வரி மாறாமல் இருக்கிறது. காது கதையை ஜூன் மாதமே எழுதிவிட்டாய். உன் அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பையன் ஃபோனில் ஒன்று சொன்னான். போன ஆட்டத்துக்கு முன்னால் நீ அணியில் ஆடுகிறவர்களின் பெயர்களை வாசித்தாயாம். அதில் பாதிப் பேர் உன் காலத்து ஆட்களாம். பையன்கள் நீ விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்களாம். நீயும் சிரித்தாயாம், ஆனால் உன் முகம் வெளுத்துவிட்டது என்கிறான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தயவுசெய்து டாக்டரிடம் உன்னைக் காட்டு.

அந்தப் பரீட்சை விஷயமும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கடையில் கண் பரிசோதிக்கச் சுவரில் மாட்டியிருக்கிற எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்கள் உண்டு. லைசென்ஸ் கிடைத்துவிடும், எதிரே வருகிற லாரி கண்ணுக்குத் தெரியாது. பையனை ஒன்றும் மறைக்காமல் அந்தப் பரீட்சையைத் திரும்பக் கொடுக்கச் சொல். இது அக்காவின் உத்தரவு.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தொல்லை தாங்காமல் டாக்டரிடம் போனேன். நான் ஆடிய காலத்துக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு அதே பரீட்சையை வைத்தார். நானும் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, முழு மனசோடு சொன்னேன். ஆறு வார்த்தை வந்தது. அன்றைக்கும் ஆறு, இன்றைக்கும் ஆறு. "ஒண்ணுமே மாறலையே கோச், கல்லு மாதிரி இருக்கீங்க" என்றார். இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கு.

மருமகப்பிள்ளைக்குச் சனிக்கிழமை ஒரு முழங்கால் தலையில் இடித்துவிட்டது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான், வெளிச்சம் கூசுகிறது என்றான். டாக்டர் கேட்டார், ஆறும் சொல்லித் தேறிவிட்டான். என் வளர்ப்பு. வருகிற சனிக்கிழமை இறுதிப் போட்டி. அவன் இல்லாமல் ஆட முடியாது. நீயும் வந்து பார்.

உன் தம்பி


செப்டம்பர் 17

தம்பி,

அன்றைக்குப் பத்தும் தெரிந்து ஆறு சொன்னாய். இந்த முறை எத்தனை வார்த்தையை மறைத்தாய்?

அதைத்தான் இப்போது ஃபோனில் கேட்டேன், பையனை ஆட விடாதே என்றும் சொன்னேன். "ஒண்ணும் மறைக்கலைக்கா" என்றாய். பிறகு, "சரிக்கா, அவனை இறக்கமாட்டேன்" என்றாய். அந்தச் சரி சனிக்கிழமை வரை உன் தலையில் தங்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. டாக்டரிடம் பேசினேன், பையன் முதலில் குறைத்துச் சொன்னதை நம்பாமல், குறிப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். பையனிடம் கெஞ்சினேன். "மாமா இறங்குன்னா இறங்குவேம்மா" என்கிறான். இப்போது எல்லாம் உன் ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே ஒரு சீட்டு இருக்கிறது. என் கடைச் சுவரில் இருக்கிற முதல் வரி அளவுக்குப் பெரிதாக எழுதியிருக்கிறேன்: சனிக்கிழமை அவனை இறக்காதே. இதை உன் கண்ணாடியில் ஒட்டு. முகம் கழுவும்போதெல்லாம் படி. உன் அத்தானைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்ததும் பஸ் ஏறிவிடுவேன்.

அக்கா


அக்டோபர் 2

தம்பிக்கு,

பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. கோட்டுக்கு வெளியே அவனைக் கிடத்தியிருந்தார்கள். நீ விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவன் துணிகளை எடுக்க உன் அறைக்குப் போனேன். கண்ணாடியில் சீட்டு இருந்தது. நாலு மூலையிலும் டேப் போட்டு, கோணாமல் ஒட்டியிருந்தாய். அதைப் பார்த்த பிறகு உன்னைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை.

மண்டையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இப்போது கண் விழித்திருக்கிறான். வலது கை அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் பத்து வார்த்தை சொன்னார். அவன் இரண்டு சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மறைக்கிறியாடா கண்ணு?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது.

உன்னையும் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லிக் கிளப் தலைவரிடம் பேசியிருக்கிறேன். இனி நான் எழுத மாட்டேன். என்னால் முடியவில்லை.

அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், மருமகப்பிள்ளை எல்லோரும் சுகம்தானே? ஏன் கடிதமே போடவில்லை? ஒரு நல்ல செய்தி. கிளப் என்னைக் கோச்சாக்கிவிட்டது. பேட்டியில் தலைவர் என் காதைப் பார்த்து, "இது கேக்குமாப்பா?" என்றார். நான் என்ன சொன்னேன் என்று நேரில் சொல்கிறேன், விழுந்து விழுந்து சிரிப்பாய்.

புதுசாக ஒருவன் விசிலோடு மைதானத்தில் சுற்றுகிறான். எனக்கு உதவிக்குப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

மருமகப்பிள்ளையை என்னிடம் அனுப்பி வை. அறையில் இரண்டாவது கட்டில்கூடத் தயாராக இருக்கிறது. அதற்கடியில் யாரோ ஒரு ஜோடி பூட்ஸை விட்டுப்போயிருக்கிறார்கள், தேடி ஒருவரும் வரவில்லை. பார்த்தால் அவன் அளவுதான். கண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடியில் யாரோ பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். உன் கையெழுத்து மாதிரியே இருக்கிறது. யாரை, எங்கே இறக்கக் கூடாது என்று எழுதவில்லை. பாதி முகத்தை மறைத்து ஷேவ் செய்ய இடைஞ்சலாக இருந்தது. இன்று காலையில் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் தம்பி