தூக்கிப் பார்த்து எடுத்த வண்டி

பனமரத்துப்பட்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அத்தையும் நலம். நீங்கள் வேலை செய்யும் போர்வெல் ரிக்குக்கு ஆள் மாற்ற நாளை மத்தியப் பிரதேசம் புறப்படும் கந்தப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசிவிடுவீர்கள். கடிதம் என்றால் முழுதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் எனக்காகச் சொல்லிவைத்த நானூறு சிசி வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

போன மாதம் என் கால் வெந்தது, உங்களிடம் சொன்னதுபோல் வடிகஞ்சி கொட்டி அல்ல. தடுப்பூசிப் பெட்டியோடு மலை ஊருக்குப் போகையில் உங்கள் பழைய பைக் சரளையில் சறுக்கி என்மேல் சாய்ந்தது. சைலன்சருக்கு அடியில் கால். அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன். ஆடு ஓட்டி வந்த பெருமாயி அக்காதான் தூக்கிவிட்டு, "தூக்க முடியாத வண்டிய எதுக்குச் சாமி ஓட்டிட்டு வாரே" என்று கேட்டது. உங்களிடம் பொய் சொன்னது தப்புத்தான். உண்மையைச் சொன்னால் வேலையை விடச் சொல்வீர்கள் என்று பயந்தேன். மலையில் மூன்று பேர் நிறைமாதமாக இருக்கிறார்கள். அங்கே போகும் நர்ஸ் நான் ஒருத்திதான்.

உங்கள் நண்பர் மோகன்குமாரைக் கூட்டிக்கொண்டு சேலம் ஷோரூமுக்குப் போனேன். உங்களைப் போலவே அவரும் இன்ஜின் பலத்தைத்தான் விசாரித்தார். பாறையைத் துளைக்கிறவர்களுக்கு எதற்கும் பலம்தான் மருந்து. நான் வண்டியைத் தரையில் படுக்கவைக்கச் சொன்னேன். "ஏனுங்க, வண்டி வாங்க வந்தீங்களா, சாய்க்க வந்தீங்களா" என்று மேனேஜர் சிரித்தார். பிறகு ஓட்டிப் பார்க்கத் தரும் வண்டிகளைச் சாய்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி நிமிர்த்திப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பெரியதை அசைக்கவே முடியவில்லை. இருநூற்றுச் சொச்சம் சிசி, நூற்று நாற்பது கிலோ வண்டி, முதுகைக் கொடுத்துத் தள்ளியதில் இரண்டாம் முறை எழுந்துவிட்டது. அதையே எடுத்துவிட்டேன்.

அதிலும் குறை உண்டு. உயரம் அதிகம், நுனிக்கால்தான் ஊன்றுகிறது. தார் ரோட்டில் லாரிகளைச் சட்டென்று முந்த முடியாது. பின்சீட்டும் சின்னது.

நாம் இருவரும் ஊர் சுற்றத்தான் பெரிய வண்டியைப் பார்த்தீர்கள் என்று தெரியும். நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணமான மூன்று வருடத்தில் நாம் சேர்ந்திருந்தது நூறு நாள் இருக்குமா? மற்ற நாளெல்லாம் ஓட்டுவது நான்தானே.

வேளைக்குச் சாப்பிடுங்கள். துளைபோடும் ராடு மாற்றும்போது கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் தனியாகவே பழகி வருகிறது மாமா. முழுதாகப் பழகிப்போவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தனப்பிரியா