அக்காவின் பதினோரு மணி

அக்கா,

சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்டும் இன்றைய நடைப்பயணத்துக்கு இருநூறு ரிப்பன் தைத்தாய். உன் மார்பக எக்ஸ்ரே பரிசோதனையை மட்டும் மூன்று தடவை தள்ளிப்போட்டாய். கேட்டால், "அந்த மிஷின் நசுக்குமாம்டி, ஆளை விடு" என்கிறாய்.

நசுக்கத்தான் செய்யும். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே தட்டையாகப் பரப்பினால்தான், உள்ளே இருக்கும் திசுக்கள் ஒன்றையொன்று மறைக்காமல், கடுகளவு கட்டியும் படத்தில் தெரியும். சில நொடி வேலை. ரிப்பன் தைக்கும்போது ஊசி குத்தாத விரலா உனக்கு?

பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். டாக்டர் சீட்டு உன் கைப்பையில்.

பி.கு.: நான் நடக்கப் போகவில்லை. நடைக்கு எனக்குக் கொடுத்த எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு அத்தான் போயிருக்கிறார், திட்டாதே. நான் கீழே காரில் இருக்கிறேன். பயமாக இருந்தால் பயந்துகொண்டே இறங்கி வா.